தேனீக்களுக்குப் பெரட்டு வைத்த கதை

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் மேல் மட்டும் யாரும் பன்னீர் தெளிப்பதில்லை. சந்தனம் தருவார்கள், கற்கண்டு தருவார்கள். பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கும் பெண் மட்டும் என்னைக் கண்டதும் செம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள். விவரம் தெரியாத புதுப்பெண் யாராவது என் பக்கம் செம்பைச் சாய்த்துவிட்டால் உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிவருவாள். "அடியே, அவருக்கு வேணாம்!" என்று ஒரு கூச்சல். அப்புறம் சிரிப்பு. அப்புறம் நான் பக்கத்தில் நிற்கும்போதே அந்தப் பெண்ணுக்கு முழுக் கதையையும் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் சேர்த்தும் கொள்கிறார்கள். கடைசியாக நான் கேட்ட கதையில் வெள்ளைக்காரத் துரை ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினாராம். எங்கள் தோட்டத்தில் ஆறே கிடையாது.

ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற வரி ஒன்றுகூட வராது. தேடிக் களைக்க வேண்டாம்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் மூட்டை கட்டாத காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்துக் கூலிகளின் வீட்டு வரிசையிலேயே, முதன்முதலாக எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன் நான்தான். அதை நானே நாளுக்கு நான்கு பேரிடமாவது சொல்லிவிடுவேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். (மை இருக்காது. யார் பார்க்கப் போகிறார்கள்?)

தேயிலைக்குக் கொப்புள நோய் வந்து தோட்டம் தோட்டமாக மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்து, மறு கையால் நீல மருந்தைப் பீச்சிக்கொண்டு போகும் பன்னிரண்டு பேருக்கு மேல் என்னைக் கணக்கப்பிள்ளையாகப் போட்டிருந்தார்கள். தற்காலிகம்தான். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம்.

நிரந்தரம் என்றால் சம்பளம் மட்டுமில்லை, குவார்ட்டஸும் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஆறு பேர். அத்தனை பேருக்கும் லயத்தில் ஒரே ஒரு காம்பரா. சமையல் அதற்குள்ளேயே. புகை போக வழி கிடையாது. அம்மா இருமுகிற இருமலில் அடுத்த காம்பராவில் தூங்குகிறவர்கள் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, கீழே காலியாகக் கிடந்த குவார்ட்டஸில் இரண்டு அறை, தனிக் குசினி, குசினிக்கு மேல் செங்கல்லில் கட்டிய புகைபோக்கி. அம்மாவுக்கு அந்தப் புகைபோக்கி மேல்தான் கண். எனக்கு வேலை நிரந்தரமாகும் முன்னாலேயே அவள் அங்கே போய் வாசலைக் கூட்டிவிட்டு, ஒரு செவ்வந்திக் கன்றையும் நட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, இன்னும் கெடைக்கலையே?" என்றேன்.

"எம்மகன் எஸ்.எஸ்.சி. பாஸுடா, கெடைக்காமப் போயிருமா?" என்றாள்.

இனி பேரிக்காய்க்கு வருகிறேன்.

பெரிய துரையின் பங்களாவுக்குப் பின்னால் பதினான்கு பேரிக்காய் மரங்கள் நின்றன. வருஷா வருஷம் வெள்ளை வெளேரென்று பூக்கும். காய்தான் காய்க்காது. பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கோ மரம் முறியக் காய்க்கும். துரைமார் கிளப்பில் நடக்கும் பழப் போட்டியில் அந்த மனுஷன்தான் எப்போதும் முதல். எங்கள் துரை அந்த ஆத்திரத்தில் பங்களாத் தோட்டக்காரரை மூன்று தடவை மாற்றிப் பார்த்தார். மரம் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு நாள் பெரட்டுக் களத்தில் என்னைக் கூப்பிட்டார். (பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. அதற்கு நேரம் பிந்தினால் அன்றைக்குப் பேர் கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.)

"நீ படிச்ச ஆளு?" என்றார்.

"எஸ்.எஸ்.சி. பாஸ், துரைங்களே!"

"இந்தப் புஸ்தகம் வாசி. தேன்பூச்சி சமாச்சாரம். நம்ம மரம் காய் வேணும். வீயே துரை வாற நேரம் நான் அவருக்குக் காட்டணும். நீ செய்யறது, அவர் உன் வேலைக் கடுதாசி கையெழுத்துப் போடறது. சரிதானே?"

வீயே துரை என்பவர் கம்பெனி சார்பில் கொழும்பிலிருந்து வந்து தோட்டத்தைப் பார்வையிடுகிறவர். எங்கள் துரையே அவர் முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அப்பேர்ப்பட்டவரின் கையெழுத்து எனக்கு! புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

அது சீமையிலிருந்து வரும் விவசாயப் பத்திரிகை. முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. பேரிப் பூவில் தேன் தண்ணீராக இருக்குமாம், தேனீ அதை மதிக்காதாம். ஆகவே சீனிப்பாகில் அந்தப் பூவையே ஊறவைத்து தேனீக்குக் கொடுத்துப் பழக்க வேண்டுமாம். வாசம் பழகியதும் அது பூவைத் தேடிப் போகுமாம். புரியாத கால்வாசிக்கு என் சொந்த மூளையைப் பாவித்தேன். கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

பேரிப் பூவைப் பறித்து முகர்ந்து பார்த்தேன். சுத்தக் கருவாட்டு நாற்றம்! நாலு நாள் வெயில் காணாத கருவாடு. இந்த நாற்றத்தைப் பாகில் போட்டுக் கொடுத்தால் எந்த மானமுள்ள தேனீ வரும்? வெள்ளைக்காரனுக்கு வாசத்தைப் பற்றி என்ன தெரியும், நாமல்லவா வாசத்தோடு வாழ்கிற சாதி என்று நினைத்துக்கொண்டு நேரே பஜாருக்கு நடந்தேன். கடைக்கார நானாவிடம் ஆறு போத்தல் பன்னீர் கேட்டேன்.

"என்ன தம்பி, ஊட்டுல கலியாணமா?" என்றார் நானா.

"இல்ல நானா, தேன்பூச்சிக்கு."

நானா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுக்கும் ஒரு தாயத்துக் கட்டிக்கங்க தம்பி" என்று சொல்லிப் பொதி பண்ணிக் கொடுத்தார்.

தேனீ வேண்டுமே! கீழே சிங்களக் கிராமத்தில் பண்டா என்றொருவர் மண்பானையில் தேனீ வளர்த்தார். நான்கு பானைகளைத் துணியால் வாய் கட்டிக் காவடித் தடியில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் பதிலே வராத காலம் அது. இந்தியாவிலிருந்து பாட்டன் வந்த காலம் முதல் இங்கே கிடக்கிறவனிடம், நீ எந்த ஊர்க்காரன் என்று அரசாங்கக் கந்தோரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு பானைத் தேனீக்களும் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் பங்களாவிலேயே குடியேறிவிட்டன.

பானைகளை இறக்கி வைத்துவிட்டு பண்டா சொன்னார்: "மாத்தயா, மீ மெஸ்ஸோ கியன தே அஹன்னே நே." தேன்பூச்சி சொன்ன பேச்சுக் கேட்காது என்று அர்த்தம்.

"மம புருது கரன்னங்" என்றேன். அதாவது, நான் பழக்குகிறேன்! பண்டா தலையை ஆட்டிக்கொண்டே மலையிறங்கிப் போனார்.

பழக்குவது எப்படி? தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், பெரட்டு. காலை பத்து மணிக்கு ஸ்டோரில் தேத்தண்ணி ஊதுகுழல் ஊதும். சரியாக அந்தச் சத்தத்துக்கு நான் பேரி மரத்தடியில் நிற்பேன். கொழும்பிலிருந்து புதிதாக வந்த, மருந்தே படாத டாங்கி ஒன்று என் முதுகில் இருக்கும். அதற்குள் துரை கொடுத்த வெள்ளைச் சீனியில் காய்ச்சிய பாகும் பன்னீரும். மரங்களுக்கு உஸ்ஸென்று அடிப்பேன். முதல் நாள் பத்துப் பதினைந்து தேனீ வந்தது. மூன்றாம் நாள் நூறு. ஒரு வாரத்தில் ஊதுகுழலுக்கு முன்னாலேயே வந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரவு குறிக்க ஒரு கொப்பி போட்டேன். முதலாம் பானை, ஆஜர். இரண்டாம் பானை, ஆஜர். மூன்றாம் பானை, தாமதம், எச்சரிக்கை செய்யப்பட்டது. (சிரிக்காதீர்கள். அந்தக் கொப்பியை என் மனைவி இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவாள்.)

அந்த மனைவி அப்போது எனக்கு மனைவியில்லை. லெட்சுமி என்கிற பெயரில் பங்களாவுக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வாய் இரண்டு முழம். கூடையோடு வேலியோரம் வந்து நிற்பாள்.

"என்னாங்க கணக்கப்புள்ள, பூச்சிக்கெல்லாம் பேர் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு. உங்களையெல்லாம் விட ஒழுங்கா நேரத்துக்கு வருது."

"வராம? வெள்ளைச் சீனியில்ல ஊத்துறீங்க! எங்களுக்கும் ஊத்திப் பாருங்க. விடியுமுன்ன வந்து நிப்போம்."

அது சுருக்கென்று தைத்தது. லயத்தில் பாலில்லாத சாயத்தண்ணி குடிக்கிறவர்கள் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியை வைத்து, நக்கி நக்கிக் குடிப்பார்கள். நானும் அப்படிக் குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் அதையெல்லாம் யோசித்தால் விஞ்ஞானம் என்ன ஆவது?

"அது கெடக்கட்டும்," என்றாள் லெட்சுமி. "பூவுல ஒரு பூச்சியையும் காணோமே? எல்லாம் எலையைல்ல நக்குது?"

பார்த்தேன். உண்மைதான். பாகு இலையில்தான் வழிந்துகொண்டிருந்தது. நோகாமல் கிடைக்கிறதைக் குடித்துவிட்டு, கருவாட்டு நாற்றமடிக்கும் பூவைத் திரும்பியும் பார்க்காமல் அத்தனையும் பானைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் வெளங்கும்" என்றேன்.

"சரிங்க, படிச்சவங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீயே துரை வருகிற நாள் குறித்தாகிவிட்டது. கண்டாக்கையா, அதாவது மலை வேலைகளுக்கெல்லாம் பெரியவர், ஸ்டோர் முற்றத்தில் வரவேற்புக்கு ஏற்பாடு செய்தார். தப்பு மேளம், மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், பன்னீர். தோட்டத்துச் சனம் இருநூறு முந்நூறு பேர் வரிசையாக நிற்பார்கள். பன்னீர்ச் செம்புதான் ஒன்றே ஒன்று. கோயில் செம்பு. அதிலும் பாதித் துவாரம் அடைத்திருந்தது.

"இத வச்சு எல்லாருக்கும் தெளிக்கிறதுக்குள்ள வீயே துரை கொழும்புக்கே போயிருவாரு" என்று கண்டாக்கையா அலுத்துக்கொண்டார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, மெசின்ல அடிச்சிரலாங்க."

"என்னாது?"

"மருந்து டாங்கிங்க. பன்னீர ஊத்திக்கிட்டு வரிசையா அடிச்சுக்கிட்டே போனா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். துரைமாருக்கும் நம்ம தோட்டத்துல புதுமொறை வந்திருக்குன்னு தெரியும்."

"துரைசாணி சட்டையெல்லாம் நீலமாக்கிறாதடா, புண்ணியவானே!"

"புது டாங்கிங்க ஐயா. அதுல சீனிப்பாகுந்தான் பட்டிருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போது மூளை எங்கே போயிருந்தது என்று எத்தனையோ வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

அந்த நாள் விடிந்தது. அம்மா என் வெள்ளைக் காற்சட்டையைக் கஞ்சி போட்டு, கரண்டியைச் சூடாக்கித் தேய்த்துத் தந்தாள். அப்பா சில்லறைக் கங்காணி. ஏழெட்டுப் பேருக்குத்தான் அதிகாரம் என்றாலும் அன்றைக்குக் கோட்டு மாட்டித் தலைப்பாகை கட்டியிருந்தார். பங்களா மேசையில் என் வேலைக் கடுதாசி டைப் அடித்து வைத்திருப்பதாகப் பெரிய கிளாக்கர் காதோடு சொல்லியிருந்தார். வரவேற்பு முடிந்ததும் மேலே போய் மரத்தையும் தேனீயையும் பார்ப்பது, பார்த்ததும் கையெழுத்து. அவ்வளவுதான் பாக்கி.

எட்டு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. மலையெல்லாம் பனிமூட்டம், ரோட்டில் கார் ஊர்ந்துகொண்டிருக்கிறதாம். ஒன்பது மணியும் ஆயிற்று. நான் பன்னீர் நிறைந்த டாங்கியைக் கட்டிக்கொண்டு முற்றத்திலேயே நின்றேன். தேனீக்களின் நினைவு ஒரு தடவை வந்தது. டாங்கி என் முதுகில் இருக்கிறது, மேலே யார் பாகு அடிப்பது? சரி, ஒரு நாள் பட்டினி கிடந்தால் செத்தா போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். விடியற்காலைப் பனியில் பெரட்டுக்கு வந்து நின்ற ஆட்களை, இன்றைக்கு வேலையில்லை போ என்று திருப்பி அனுப்புவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. தலைத்துண்டை உதறிக்கொண்டு பேசாமல் லயத்துக்குப் போய்விடுவார்கள். பெரட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள் என்று நானும் நம்பியிருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்து நின்றது. தப்பு அதிர்ந்தது. வீயே துரையும் அவருடைய துரைசாணியும் இறங்கினார்கள். கழுத்து மறைய மாலை விழுந்தது. நான் முன்னுக்கு வந்து, இடது காலை ஒரு மாதிரி எடுத்து வைத்து, பம்பை இரண்டு அடி அடித்து, உஸ்ஸ்ஸ்!

துரைசாணி முதலில் பயந்து பின்வாங்கினார். அப்புறம் வாசத்தைப் பிடித்ததும் "ஓ!" என்று முகம் மலர்ந்தார். வீயே துரை டாங்கியைத் தட்டிப் பார்த்து எங்கள் துரையிடம் ஏதோ சொல்ல, எங்கள் துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த உற்சாகத்தில் துரைமாருக்கு இன்னொரு தரம் தலையோடு சேர்த்து அடித்தேன். கண்டாக்கையாவுக்கு, கிளாக்கருக்கு, கங்காணிமாருக்கு, தப்படிக்கிறவர்களுக்கு, பெண்கள் வரிசைக்கு என்று ஒருத்தரையும் விடவில்லை. டாங்கியின் அடியில் படிந்திருந்த பாகும் பன்னீரோடு கலந்து நன்றாகவே வந்துகொண்டிருந்தது. லெட்சுமி கையை முகர்ந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கணக்கப்புள்ள, இது இனிக்குதுங்களே?" என்றாள்.

அப்போது பத்து மணி ஊதுகுழல் ஊதியது.

மெதுவாகத் திரும்பிப் பங்களாப் பக்கம் பார்த்தேன். பங்களா ஸ்டோருக்கு நேர் மேலே, கூப்பிடு தூரத்தில். காற்று எங்கள் பக்கமிருந்து மேல்நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. பேரி மரங்களுக்கு மேலே கறுப்பாக ஏதோ ஒன்று எழும்பியது. கொஞ்சம் நின்றது. அப்புறம் கீழே இறங்க ஆரம்பித்தது.

நான்கு பானையும் ஆஜர்.

குளவியாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இது வீட்டுத் தேனீ, சாதுவான சாதி. முதலில் அதுகள் யாரையும் கொட்டவில்லை. மாலையில் உட்கார்ந்தன, தொப்பியில் உட்கார்ந்தன, துரைசாணியின் கன்னத்தில் மரியாதையாக உட்கார்ந்து நக்கின. எல்லோரும் அசையாமல் நின்றிருந்தால் குடித்துவிட்டுப் போயிருக்கும். கண்டாக்கையாதான் தன் மூக்கின் மேலிருந்த ஒன்றை ஓங்கி அறைந்தார். அதோடு மரியாதை முடிந்தது.

"ஓடாதே! நில்லு! ஒருத்தரும் ஓடாதே!" என்று கத்திக்கொண்டே எங்கள் துரை ஓடினார். கிளாக்கர் கொழுந்துச் சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு நேரே போய்ச் சுவரில் முட்டினார். தப்படிக்கிறவர்கள் தப்பாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அதை அடித்துக்கொண்டும் ஓடினார்கள். என் அப்பாவின் தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் இழுபட, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மூன்று கங்காணிமார் ஓடினார்கள். வீயே துரை காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். புத்திசாலித்தனமான காரியம்தான். மாலையைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கலாம். மாலையில் இருந்த அத்தனையும் அவரோடு உள்ளே போய்விட்டன. கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது.

என் கதி? எல்லோர் மேலும் பன்னீர் தெளித்திருந்தது, என் முதுகில் ஒரு டாங்கியே இருந்தது. ஒழுகவும் செய்தது. நான் ஸ்டோரைச் சுற்றி ஓடினேன். என் பின்னால் என் மொத்தப் பெரட்டும் வந்தது. நான் எங்கே போனாலும் அங்கே ஒளிந்திருந்தவர்கள், "டேய், இங்க வராத! அங்கிட்டுப் போடா!" என்று விரட்டினார்கள். பெற்ற அப்பாவும் அப்படித்தான் சொன்னார். டாங்கி வாரின் கொளுக்கி இறுகிக்கொண்டு கழலவில்லை. இரண்டாவது சுற்றில் என் மேல் இருட்டு விழுந்தது. செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கொழுந்துக் கூடை. லெட்சுமி பின்னாலிருந்து என் தலையில் கவிழ்த்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து அதன் மேல் போட்டுச் சுற்றினாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வாரை அறுத்து டாங்கியைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் உருட்டிவிட்டார்கள். தேனீக்கள் என்னை மறந்து டாங்கியோடு போய்விட்டன.

"அசையாதீங்க!" என்று கூடைக்கு வெளியே லெட்சுமியின் குரல் கேட்டது. "படிச்சவராம்ல, படிச்சவரு! இப்ப நல்லா வெளங்கிருச்சா?"

கூடைக்குள் இருந்தபடி, "வெளங்கிருச்சு" என்றேன்.

வீயே துரையைப் பங்களாவுக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். என் வேலைக் கடுதாசி மேசையில் தயாராகத்தான் இருந்தது. பேனாவும் இருந்தது, மையோடு. கையெழுத்துப் போடக் கண் திறக்க வேண்டுமே? இரண்டும் பணியாரமாக வீங்கி மூடிக்கிடந்தன. மத்தியானமே அவரைக் காரில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கடுதாசி கையெழுத்தில்லாமல் அங்கேயே கிடந்தது.

மறுநாள் பெரட்டில், வீங்கிய உதட்டோடு எங்கள் துரை ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"முள்ளு."

முள்ளு என்றால் நாலு பல் இரும்பு முள்ளால் மலையைக் குத்திப் புரட்டுகிற வேலை. தோட்டத்தில் அதற்குக் கீழே வேறு வேலை கிடையாது. வெள்ளைக் காற்சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனேன்.

அம்மா ஏசவில்லை. அது நடந்த அன்று சாயங்காலம் கொட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நான் எண்ணுவதை விட்டிருந்தேன். தடவிக்கொண்டே கேட்டாள்: "கோட்டஸ் இனிக் கெடைக்காதுங்களா சாமி?"

எனக்குச் செல்லம் கொடுக்கும்போதுதான் அப்படி மரியாதையாகப் பேசுவாள். "கெடைக்காதும்மா" என்றேன். "சரி, திரும்பிப் படு. முதுகுல இருக்கு" என்றாள். அடுப்புப் புகை காம்பரா முழுக்க இருந்தது. அவள் இருமிக்கொண்டே தடவினாள். நான் அழுதேன். கொட்டினதற்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாளோ என்னவோ, ஊதி ஊதித் தடவினாள். என் ஆயுளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

குவார்ட்டஸ் யாரோ ஒரு புதுக் கிளாக்கருக்குப் போயிற்று. அம்மா நட்ட செவ்வந்தி அவர் வாசலில் பூத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. பண்டா பானைகளை எடுக்க வரப் பயந்து அங்கேயே விட்டுவிட்டார். பாகு நின்றுபோயிற்று. தேனீக்கள் நாலு நாள் பத்து மணிக்கு வந்து சுற்றிப் பார்த்தன. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், பசிக்கு வேறு வழியில்லாமல் அந்தக் கருவாட்டுப் பூவுக்குள்ளேயே தலையை விட்டன. பதினான்கு மரமும் அந்த வருஷம் கிளை தொங்கக் காய்த்தது! என் விஞ்ஞானம் நின்ற மறுவாரமே பேரி மரம் காய் பிடித்துக்கொண்டது. இதைப் பங்களாத் தோட்டக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் முள்ளைத் தூக்கிக்கொண்டு அவரை அடிக்கப் போனேன். அவர் என்ன பாவம் செய்தார்?

கிளப் போட்டியில் எங்கள் துரைக்கு முதல் பரிசு. தேன்பூச்சிகளைத் தானே ஒழுங்குபடுத்தி வேலை வாங்கியதாக அங்கே பிரசங்கம் பண்ணினாராம். அந்த நேரம் நான் ஏழாம் நம்பர் மலையில் முள்ளுக் குத்திக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் துரை என்னை மறக்கவில்லை. பங்களாச் சமையற்காரரிடம் ஒரு பேரிக்காய் கொடுத்தனுப்பினார். ஒன்றே ஒன்று.

அதை நடுவில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் உட்கார்ந்தோம். அம்மா கத்தியை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. அப்பா ஒரு தட்டுத் தட்டிப் பிளந்தார். ஆளுக்கொரு துண்டு. கடித்தால் ருசியுமில்லை, சாறுமில்லை, தொண்டையை அடைக்கிற துவர்ப்பு. அவித்துத் தின்கிற சாதிப் பேரிக்காயாம் அது. எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஆறு பேரும் மென்றோம். அம்மா மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கையில் துப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்காடா?" என்றாள்.

அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அம்மாவும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகிவிட்டது. நான் ரேடியோ வாங்கி அது கரகரத்தாலும், மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி அது புருவத்தைப் பொசுக்கினாலும், யாராவது ஒருவர் "இதுக்காடா?" என்பார். என் பிள்ளைகள்கூட என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'டா'வை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

லெட்சுமியைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்யாணத்தில் பன்னீர் கூடாது. அப்படியே நடந்தது. மாலைகூடக் காகிதத்தில் செய்ததுதான் போட்டார்கள். (பூ என்றால் யாரும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.) தாலிக்கு முன்னாலேயே கூடையைக் கவிழ்த்துத்தான் அந்த மனுஷனைப் பிடித்தேன் என்று லெட்சுமி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

முள்ளு, கவ்வாத்து, கடைசியில் டவுனில் ஒரு கடையில் எழுத்து வேலை என்று எனக்குக் காலம் போயிற்று. அம்மா எழுபதைத் தாண்டியும் லயத்தை விட்டு வரவில்லை. போன தையில்தான் மூத்த மகன் ராகலையில் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டி முடித்தான். இரண்டு அறை, தனிக் குசினி. குடிபுகுந்த அன்று அம்மாவைத்தான் முதலில் உள்ளே கூட்டிப் போனோம். அவள் சாமி படத்தைப் பார்க்கவில்லை, நேரே குசினிக்குப் போனாள். அடுப்புக்கு மேலே சுவரைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். செங்கல்லில் கட்டிய புகைபோக்கி. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் மகன் கட்டியது. உள்ளே தலையை நீட்டி மேலே வானம் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"இதுக்காடா அன்னைக்கு அம்புட்டுப் பேரும் கொட்டு வாங்குனோம்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் வாசலில் பன்னீர்ச் செம்பை எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தெளிக்கலாமா என்று கேட்டான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தெளி சாமி," என்றாள் பேரனிடம். "அதுக்கு முந்தி ஒங்கப்பனை வெளிய அனுப்பு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ரோட்டில் நின்றேன்.